பிள்ளையின் தலைமேல் வைத்த கைகள்

ஆண்டவருடைய பெயரில் சொல்லப்படும் சாட்சி உண்மையாக இருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். சபையில் உங்கள் முன்னால் பேச எழும்பினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மாரி மழை தொடங்கிய நேரம், எங்கள் மகள் ஜெனி தலையைச் சுவரில் முட்டத் தொடங்கினாள். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருப்பது ஒரே அறை. கேட்டது கிடைக்காவிட்டால் முட்டுவாள். நித்திரை வந்தால் முட்டுவாள். சில நேரம் தன் கையையே கடிப்பாள். நெற்றியில் ஒரு வீக்கம் வற்றுவதற்குள் அடுத்தது வந்துவிடும். வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் புடவைக் கடையில் ஒரு துணிக்கட்டு தொப்பென்று விழுந்தாலும் எனக்கு நெஞ்சு பதறும்.

பல வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, சபையார் நீங்கள் உபவாசித்து ஜெபித்துப் பெற்ற பிள்ளை அவள். அதை நான் மறக்கவில்லை. நீங்களும் என்னை மறக்க விடவில்லை. ஜெபக் குழுவை நடத்தும் அக்கா எங்கள் வாசலில் நின்று, பக்கத்து அறைக்காரர் கேட்க, என் மனைவி ரீட்டாவிடம் கேட்டார்: "ஆண்டவர் தந்த பிள்ளையை என்ன செஞ்சு வச்சிருக்கிறீங்க? வீட்டுக்குள்ள என்ன பாவம் ஒளிச்சிருக்கு?"

ரீட்டா அன்று சாப்பிடவில்லை.

டாக்டரிடம் காட்டுவோமா என்று கேட்டேன். விசுவாசம் இல்லாதவன்தான் முதலில் டாக்டரிடம் ஓடுவான் என்றார் அக்கா. பிறகு ஜெபக் குழு அடிக்கடி எங்கள் அறைக்கே வந்தது. நின்றால் தோள் முட்டும் அறை அது. எல்லோரும் பிள்ளையைச் சுற்றி நின்று, அவள் தலையில் எண்ணெய் பூசி, கைமேல் கை வைத்து, உரத்த சத்தத்தில் பிசாசைப் போகச் சொன்னார்கள். ஜெனி உடம்பை வில்லாக வளைத்துக் கத்துவாள். கையை எடுத்ததும் நேரே சுவருக்குப் போவாள்.

"பாருங்க, போக மனமில்லாம ஆடுது," என்பார் அக்கா. இன்னும் சத்தமாக ஜெபிப்பார்கள். நானும் கைதட்டினேன்.

கடைசியில் அக்கா ஒரு முடிவு சொன்னார். இரத்மலானையில் ஒரு வீட்டில் மூன்று நாள் உபவாச ஜெபம் நடக்கும். பிள்ளையை அங்கே விட வேண்டும். தாய் தகப்பன் உள்ளே வரக்கூடாது. ரீட்டா தலையாட்டிவிட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். அழுது களைத்துப் போயிருந்தாள்.

நான் கடையில் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் முழங்காலில் நின்றேன். நீளமாக ஜெபிக்க எனக்குத் தெரியாது. "ஆண்டவரே, பிள்ளையைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் தாரும். வேறு வழி காட்டும்." அவ்வளவுதான்.

சனிக்கிழமை பிள்ளையை ஏற்றிப்போக வான் வண்டி வந்தது. அக்கா இரண்டு கையையும் நீட்டினார். ஜெனி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"தாங்க தம்பி, நேரம் போகுது."

"தரமாட்டன் அக்கா."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அக்கா என்னைப் பார்க்கவில்லை. ரீட்டாவைப் பார்த்துச் சொன்னார்: "வாய் திறக்காத மனுசன். இப்ப இவருக்குள்ள இருந்து கதைக்கிறது யார் எண்டு எனக்கு நல்லாத் தெரியும்."

வான் போய்விட்டது. அதன் பிறகு சபையில் எங்கள் பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். உங்களுக்கு அது ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

அடுத்த கிழமை பொரளையில் பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு வைத்தியரிடம் போனோம். தமிழ் அம்மா. ஜெனியின் காதுக்குள் பார்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். விளையாட விட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பிள்ளை தலையை முட்டக்குள்ள நீங்க என்ன செய்றீங்க?"

"ஜெபம் பண்ணுறம்."

"எப்படி?"

சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். "உங்கட தலையில பத்துப் பேர் கை வச்சுக் கத்தினா நீங்க என்ன செய்வீங்க?"

நான் நிலத்தைப் பார்த்தேன். ரீட்டாதான் சொன்னாள்: "நானெண்டா அவங்கட தலையைப் பிடிச்சு முட்டியிருப்பன், டொக்டர்."

பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் இருவரும் அன்றுதான் சிரித்தோம்.

பயப்பட ஒன்றும் இல்லை என்றார் அந்த அம்மா. இந்த வயதில் சில பிள்ளைகள் இப்படிச் செய்வார்களாம். கோபமும் களைப்பும் வரும், சொல்ல வார்த்தை வராது. அடிக்கவும் வேண்டாம், பதறிக் கூட்டம் கூட்டவும் வேண்டாம். அடிபடாமல் காத்து, பக்கத்தில் அமைதியாக இருந்து, அவளுக்கு வராத சொல்லை நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும். காயம் பெரிதானாலோ, வந்த பேச்சு நின்றுபோனாலோ உடனே கொண்டுவரச் சொன்னார்.

பாயைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம். முட்ட வந்தால் சுவருக்கும் நெற்றிக்கும் நடுவில் என் உள்ளங்கையை வைப்பேன். "கோவமா மகள்? வேணாமா?" என்று மெதுவாகக் கேட்பேன். மனதுக்குள் ஜெபிப்பேன். ஒரே நாளில் நிற்கவில்லை. என் கை வீங்கியது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. உயிர்த்த ஞாயிறு வரும்போது நெற்றிக் காயம் ஆறியிருந்தது.

அதன் பிறகு வந்த நன்றிக் கூட்டத்தில் அக்கா மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னார். பிள்ளையைக் கொடுக்காவிட்டாலும் இரத்மலானையில் போராடி ஜெபித்தார்களாம், பிசாசின் கட்டு அறுந்ததாம். எல்லோரும் கைதட்டினீர்கள். எங்களை ஒருவரும் கேட்கவில்லை. அக்கா மேடையை விட்டு இறங்கி, ரீட்டாவின் மடியில் இருந்த ஜெனியின் தலைக்குக் கையை நீட்டினார்.

"வேணாம்," என்றாள் ஜெனி.

தெளிவாகச் சொன்னாள். தலையை முட்டவில்லை. கையைக் கடிக்கவில்லை. தாயின் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டாள். அக்காவின் கை கொஞ்ச நேரம் வெறுமனே நின்றது. கடையில் நான் பண்ணிய ஜெபம் கேட்கப்பட்டது என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது. அழுதேன். அக்காவின் சாட்சியைக் கேட்டு அழுகிறேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

என் மனக்கசப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அதற்கும் ஜெபிக்கிறேன். ஆனால் உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பிள்ளை இருந்தால், என்னைப் போல ஆண்டவரிடம் கேளுங்கள். மெதுவாகக் கேட்டாலும் அவருக்குக் கேட்கும். அவர் ஒரு டாக்டரிடம் அனுப்பினால் வெட்கப்படாமல் போங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறவர்களுக்கு நன்றி சொல்லுங்கள், பிள்ளையை மட்டும் உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு.