யூனிஃபார்மைத் திருப்பிப் பார்த்த காலை

எனக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் போதாது. முட்டை வியாபாரம் அப்படிப் பழக்கிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கல்யாணத்துக்கு முன்பே நான் அப்படித்தான் என்று என் அம்மா சொல்வார். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நாமக்கல் ரோட்டை ஒட்டிய எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. பண்ணையிலிருந்து அட்டை அட்டையாக முட்டை வந்து இறங்கும். சந்தேகப்பட்ட முட்டையைக் காதோரம் ஆட்டிப் பார்ப்பேன், செல்போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். எல்லா முட்டை மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. மனிதர்களை அப்படி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடியவில்லையே என்பது என் நெடுநாள் குறை.

அதனால், ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை எழுந்து, இனிமேல் யாரும் உடம்பை ஒட்டினாற்போல யூனிஃபார்ம் தைத்துப் போட்டு வரக்கூடாது என்று அறிவித்தபோது, முதலில் கை தட்டியது நான்தான். பையன்களுக்குப் பென்சில் பேண்ட் கூடாது. பெண்பிள்ளைகளுக்கு இடுப்பைப் பிடித்த டாப்ஸ் கூடாது, லெக்கின்ஸ் கூடாது. நான் தட்டியதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். பிடிப்பாக உடுத்துகிற பிள்ளை, யாரோ பார்க்கட்டும் என்றுதான் உடுத்துகிறது. அந்த யாரோ யார் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பெற்றவர்கள் வேலை. அப்போது என் கொள்கை அது. பாதி இன்னமும் அதுதான்.

என் மகள் அந்த வருடம்தான் பதினொன்றாம் வகுப்புக்குப் போயிருந்தாள். ஒரே பிள்ளை. அவளுக்கு யூனிஃபார்ம் தைக்கும்போது நானே தையல்காரம்மாவின் பக்கத்தில் நின்று, வளர்கிற பிள்ளை, தொளதொளவென்று வையுங்கள், உள்ளேயும் நிறையத் துணி விட்டுத் தையுங்கள் என்று சொன்னேன். இளநீலத்தில் சின்னக் கட்டம் போட்ட டாப்ஸ். போட்டுக்கொண்டு நின்றால் இடுப்பில் ஒரு கை நுழையலாம் போல இருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

தீபாவளி கழிந்ததும் எனக்கு மூக்கில் வேர்க்க ஆரம்பித்தது. மகள் தன் யூனிஃபார்மைத் தானே துவைத்துக் காயப்போடத் தொடங்கினாள். ஒரு டம்ளரைக் கழுவி வைக்க மூன்று முறை கத்த வேண்டிய பிள்ளை அவள். சொல்லாமல் வேலை செய்கிற பிள்ளையை நம்பக்கூடாது. பள்ளிக்குப் போகும்போது பையை முதுகில் மாட்டாமல் முன்பக்கம் அணைத்துக்கொண்டு போனாள். கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி நின்றாள். நெருப்பில்லாமல் புகையுமா? யார், எந்த ஊர், எந்தப் பஸ் என்று மனதுக்குள் விசாரணையைத் தொடங்கிவிட்டேன்.

பள்ளியிலிருந்து போன் வந்தபோது பண்ணை வண்டி வாசலில் நின்றது. வகுப்பாசிரியை பேசினார். உங்கள் பெண் யூனிஃபார்மை இடுப்பில் பிடித்துத் தைத்துப் போட்டு வந்திருக்கிறாள், காலையிலிருந்து வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறோம், நாளைக்கு நீங்கள் வந்தால்தான் உள்ளே விடுவோம் என்றார். "வாரேனுங்க டீச்சர்" என்று வைத்தேன். அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என் மூக்கு பொய் சொல்லவில்லை என்ற ஒரு பெருமிதம்.

சாயங்காலம் மகள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"யாருகிட்டக் குடுத்துப் புடிச்ச?"

"நான் புடிக்கல."

"அப்பத் துணி தானாச் சுருங்கிக்கிச்சா?"

"நான் புடிக்கலம்மா. எத்தன தடவ சொல்றது?"

"யாரு பார்க்கோணும்னு இந்தக் கோலம்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். காலையில் வராந்தாவில் நின்றபோது வராத அழுகை அப்போதுதான் வந்திருக்க வேண்டும். "இனிமே நான் பள்ளிக்கோடமே போகல, போ" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சும்மா மிரட்டுகிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு உள்ளே புத்தகங்களை எடுத்து அட்டைப்பெட்டியில் போடும் சத்தம் கேட்டது.

வீட்டுக்காரர் அன்று இல்லை. லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பதும் ஒட்டுப்போடுவதும் அவர் தொழில்; வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் ஓரமாகக் கொட்டகை போட்டிருக்கிறார். அன்றைக்குச் சங்ககிரியில் ஒரு லாரிக்குத் தார்ப்பாய் கிழிந்துவிட்டதென்று போனவர் மறுநாள் காலையில்தான் வருவதாக இருந்தது. நான் நேராகத் தையல்காரம்மாவிடம் போனேன்.

"உங்க புள்ள ஜூன் மாசத்துக்கு அப்பறம் இந்தப் பக்கமே வரலீங்க" என்றார் அவர்.

அவர் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்கிற முகமாக இல்லை. ஆனால் நல்ல முட்டை போல இருப்பதுதான் உடைத்தால் நாறும். இவரும் கூட்டு என்று முடிவு கட்டிக்கொண்டு வந்தேன்.

விடிந்ததும், மகள் ராத்திரி கழற்றிக் கொடியில் போட்டிருந்த டாப்ஸை எடுத்தேன். வாசல் வெயிலில் நின்று உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பினேன். இரண்டு பக்கமும் புதுத் தையல். புதுத் தையல் கண்ணெதிரே இருக்கிறது, இவள் என் முகத்தைப் பார்த்து இல்லை என்று சாதித்திருக்கிறாள். அவளை எழுப்பி முகத்தில் வீசலாம் என்றுதான் திரும்பினேன். ஆனால் சொன்னேனே, எனக்கு ஒரு தடவை பார்த்தால் போதாது.

மறுபடி பார்த்தேன். பிடித்துத் தைத்திருந்தால் புதுத் தையல் உடம்புப் பக்கமாக வந்திருக்க வேண்டும். இது துணியின் ஓரத்துக்குப் போயிருந்தது, இனி நகர இடமில்லாத அளவுக்கு. பழைய தையலின் ஊசி ஓட்டைகள் வெளிப்பக்கம் வரிசையாகத் தெரிந்தன. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பட்டை மட்டும் வெளுக்காமல், கடையில் எடுத்த அன்றைக்கு இருந்த நீலத்திலேயே இருந்தது. இத்தனை மாதமும் வெயில் படாமல் உள்ளே மடங்கிக் கிடந்த துணி. ஜூன் மாதம் நான் பக்கத்தில் நின்று உள்ளே விடச் சொன்ன துணி. இந்த டாப்ஸை யாரும் பிடிக்கவில்லை. பிரித்து விட்டிருக்கிறார்கள். அப்படிப் பிரித்தும் பிள்ளைக்குப் பற்றவில்லை. வெளுத்த துணியில் இடுப்போரம் இரண்டு பக்கமும் அந்த வெளுக்காத நீலக் கோடு ஓடுவதைப் பார்த்துத்தான் டீச்சர் ஏதோ ஃபேஷன் என்று நினைத்திருக்கிறார்.

சரி, பிரித்தது யார்? தையல் கையால் போட்டது, கோணி ஊசி குத்தினாற்போல ஓட்டை. நூல் தடிமனாக, மெழுகு தடவினதாக இருந்தது. அந்த நூலை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அறுந்த செருப்பு, கிழிந்த கொசுவலை, ஒரு தடவை என் கட்டைப்பையின் காது, எல்லாம் அந்த நூலில்தான் தைத்தது.

அவர் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். டாப்ஸைக் கண்ணெதிரில் நீட்டினேன்.

"ஏனுங்க, இது என்னுங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். தேவைக்கு மேலேயே துடைத்தார்.

"புள்ளைக்குப் பத்தல" என்றார். "பஸ் ஸ்டாப்புல உடறதுக்கு என் வண்டியில ஏறும்போது துணிய இழுத்து இழுத்து உட்டுச்சு. என்ன சாமின்னு கேட்டேன். பத்தலப்பான்னுச்சு. பிரிச்சுக் குடுத்தேன்."

"என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"அம்மாகிட்டச் சொல்லிராதீங்கன்னுச்சு." துண்டைத் தோளில் போட்டார். "நீ அத ஒரு கேசா ஆக்கிருவ."

எனக்கு வந்த கோபத்துக்கு, அப்பனும் மகளுமாகச் சேர்ந்து என் முதுகுக்குப் பின்னால் குடும்பம் நடத்துகிறீர்களா என்று கத்தியிருப்பேன். கத்தவில்லை. நேற்று நான் அவளிடம் யார் பிடித்தது என்று கேட்டேன், யார் பார்க்க என்று கேட்டேன். பற்றவில்லையா என்று மட்டும் கேட்கவில்லை. அவள் சொன்ன பதிலில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மகளின் அறைக் கதவைத் தட்டினேன். "கெளம்பு சாமி, நானும் வாரேன்."

"எதுக்கு? அவங்களோட சேந்துக்கிட்டு என்னக் கேக்கறதுக்கா?"

டாப்ஸைத் திருப்பிக் காட்டினேன். அவள் அப்பாவின் நூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குளிக்கப் போனாள். வீட்டில் போடுகிற ஒரு பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்தாள். யூனிஃபார்மைப் பையில் வைத்து நான் எடுத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே காத்திருந்தோம். பி.டி. மாஸ்டர் ஒரு பையனை நிறுத்தி, கணுக்காலைக் கவ்விக்கொண்டிருந்த அவன் பேண்ட்டைப் பார்த்து, "இதுல எப்படிடா கால உட்ட? நாளைக்கு மாத்திட்டு வா, ஓடு" என்று முதுகில் ஒன்று வைத்தார். அவன் சிரித்துக்கொண்டே வகுப்புக்குள் ஓடினான். என் மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். மேசை மேல் டாப்ஸைத் திருப்பி விரித்தேன். பழைய ஓட்டை, புதுத் தையல், வெளுக்காத பட்டை எல்லாம் காட்டினேன். தலைமையாசிரியை கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகத்தான் பார்த்தார். கெட்ட மனுஷி இல்லை.

"பிரிச்சதுதான், ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா பார்க்கிறவங்களுக்கு டைட்டாத்தானே தெரியுது? கேட்டுல நிக்கிற டீச்சர் ஒவ்வொரு பிள்ளையோட துணியையும் திருப்பிப் பார்க்க முடியுமா?"

"திருப்பிப் பார்க்க வேண்டாமுங்க. புள்ளையக் கேட்டிருக்கலாமுங்க."

"ஜூன் மீட்டிங்ல முதல்ல கை தட்டுனது நீங்கதானே?"

அது எப்படி அவருக்கு நினைவிருந்தது என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். "தட்டினேனுங்க" என்றேன். "புடிச்சுத் தைக்கக் கூடாதுன்னு தட்டினேன். வளரக் கூடாதுன்னு தட்டலீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் விடவில்லை. வெளியே பி.டி. மாஸ்டர் நிறுத்தின அந்தத் தம்பியின் அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டேன். பையன்கள் விஷயம் வேறு என்றார். என்ன வேறு என்று கேட்டதற்கு, டாப்ஸை மடித்து என்னிடம் நீட்டினார். அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நேற்றெல்லாம் என் பிள்ளை வெளியே நின்றதை மொத்த வகுப்பும் பார்த்தது, அந்தப் பிள்ளைகளிடம் இது பிடித்ததில்லை என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்றேன். சொல்கிறேன் என்றார். சொன்னாரா, தெரியாது. எனக்கு நம்பிக்கை இல்லை. திங்கட்கிழமைக்குள் புது யூனிஃபார்ம் வேண்டும் என்றார். அதுவரை இப்படியே உட்காரட்டும் என்று மகளை வகுப்புக்குப் போகச் சொன்னார்.

ஜெயித்த மாதிரிதான் வராந்தாவில் நடந்தேன். "பார்த்தியா, எப்படிக் கேட்டேன்னு?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்பா பிரிக்காம இருந்திருந்தா?"

"என்ன?"

"தையலே மாறாம, சும்மா பத்தாமப் போயிருந்தா? நான் புடிக்கலன்னு சொன்னத நீ நம்பியிருப்பியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்தது. பையை முதுகில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை அவளைத் தையல்காரம்மாவிடம் கூட்டிப்போனேன். அன்று அவர் மேல் சந்தேகப்பட்ட கூச்சத்தில் ஓர் அட்டை முட்டை கொண்டுபோய் வைத்தேன். அவர் நாடாவை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல என்னைப் பார்த்து, "லூசாவே வெச்சறட்டுமுங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டு, "அவளையே கேளுங்க" என்றேன். சொல்லிவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"எனக்கு அளவா வெய்ங்க அக்கா. லூசும் வேண்டாம், புடிக்கவும் வேண்டாம்" என்றாள் மகள். "உள்ள மட்டும் நெறயத் துணி உட்டுருங்க. எங்கம்மா திருப்பிப் பாப்பாங்க."

தையல்காரம்மா சிரித்துவிட்டார். என் மகள் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்து, அளவு கொடுக்க நேராக நின்றாள்.