திருவிழாவுக்கு விடுப்பு எடுத்த பேய்

ஏற்காட்டுத் தபால் நிலையத்தில் நான் எழுத்தராக இருந்த காலத்தில், காலையில் கதவைத் திறந்ததும் செய்யும் முதல் வேலை முத்திரையில் தேதியை மாற்றுவது. பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகி, ஒரு வெற்றுத் தாளில் குத்திப் பார்ப்பேன். மை பிசிறில்லாமல் படிந்திருந்தால் அந்த நாள் ஒழுங்காகத் தொடங்கிவிட்டதாக ஒரு நிம்மதி. தேதிமேல் எனக்கு அப்படி ஒரு பித்து. காப்பி பூத்த நாள், முதல் இடிமழை, மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் அடிவாரத்தோடு நின்றுபோன நாள் எல்லாமே ஒரு நீள நோட்டில் இருக்கின்றன. இந்தக் கதையில் மட்டும் வருடத்தையோ தேதியையோ தரப்போவதில்லை. எழுபதுகளின் கடைசியில் தொடங்கித் தொண்ணூறுகளில் முடிந்த விஷயம் என்பது போதும்.

தலைச்சோலை போகும் வழியில், ஒரு எஸ்டேட்டின் நடுமேட்டில் அந்தப் பங்களா இருந்தது. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவர் கட்டியது. கருங்கல் சுவர், கூடத்தில் ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய கணப்பு, கூரைக்கு மேல் நெடிய புகைபோக்கி. பல கை மாறிச் சேலத்துக்காரர் ஒருவரிடம் வந்திருந்தது. அவர் வருடத்தில் இரண்டு முறை மலையேறுவார். கணக்குப் பார்க்கும் ரைட்டரிடம் விசாரிப்பார், செடிகளைச் சுற்றிப் பார்ப்பார், ஊருக்குள் வந்து லாட்ஜில் தங்குவார். பங்களாப் படியைக்கூட மிதிக்கமாட்டார். அங்கே பேய் இருக்கிறது என்பது ஏற்காட்டில் எல்லாருக்கும் தெரியும்.

தெரியும் என்றால், கண்ணால் பார்க்கலாம். மழை பெய்யும் பகல்களில், பூட்டிக் கிடக்கும் அந்தப் பங்களாவின் புகைபோக்கியிலிருந்து புகை வரும். எங்கள் அலுவலகப் பின்வாசலில் நின்றால், மூடுபனி கொஞ்சம் விலகும் நேரத்தில் நானே பார்த்திருக்கிறேன்.

கதையை எனக்குச் சொன்னவர் அந்த எஸ்டேட்டில் கூலி வேலை செய்த ஓர் அம்மா. தலைச்சோலைக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். கோயமுத்தூர் மில்லில் இருந்த மகனிடமிருந்து அவருக்கு மாதம் ஒரு கடிதம் வரும். நான்தான் படித்துச் சொல்வேன், பதிலும் எழுதிக் கொடுப்பேன். மருமகள் சண்டை, வயிற்றுக் கோளாறு, அந்த வீட்டில் எனக்குத் தெரியாத ரகசியம் இல்லை.

"வெள்ளக்காரம்மாவோட கைக்கொழந்த ஒண்ணுங்க சாமி. மழையில நனஞ்சு சளி கட்டிச் செத்துப்போச்சு. அப்பருந்து மழ வந்தாப் போதும், அந்தம்மா வந்து நெருப்புப் போட்டுக் கொழந்த துணியக் காயவெக்கறா."

"எந்த வருசமுங்க?"

"ஏனுங்க, பேய்க்குப் போயி வருசம் கேக்கறீங்க?"

கூட வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். "ரேசன் கார்டு இருக்குதான்னும் கேட்டுப்போடுங்க சாமி" என்றார் ஒருவர்.

நான் சிரிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாசியைச் சுரண்டிச் சுரண்டி ஒவ்வொரு கல்லாகப் படித்தேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. குழந்தைகளின் கற்கள் இருந்தன. அந்தப் பங்களாவில் வாழ்ந்த குடும்பத்துக் குழந்தை எதுவும் இல்லை. அடுத்த கடிதம் வாங்க வந்தபோது அந்த அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"கல்லு வெக்காத கொழந்த எத்தனையோ இருக்குதுங்க சாமி" என்றார்.

பிறகு புகையைப் பதிவு செய்யத் தொடங்கினேன். நோட்டில் தினமும் குறிக்கும் மழை அளவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, புகை உண்டா இல்லையா, எத்தனை மணிக்கு என்று எழுதினேன். இரண்டு மழைக்காலம் விடாமல் எழுதிப் பார்த்ததில் விஷயம் தெளிவாகிவிட்டது. புகை காலை ஒன்பது மணிக்கு முன்னால் வந்ததே இல்லை. நாலு மணிக்கு மேல் இருந்ததும் இல்லை. எவ்வளவு மழை கொட்டினாலும் ஞாயிற்றுக்கிழமை வராது. தீபாவளிக்கு இல்லை, பொங்கலுக்கு இல்லை. வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா நடந்த நாட்களில் நல்ல மழை, ஆனால் புகை இல்லை. அந்த வரியை எழுதிவிட்டு, தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

சந்தேகத்தை மிச்சம் வைக்கக்கூடாது என்று, ஐப்பசியில் நல்ல மழை நாளாகப் பார்த்து ஒரு நாள் லீவு போட்டேன். குடையோடு பங்களாவின் பின்பக்கம் போனேன். சமையற்கட்டுக் கதவின் கொண்டி கழன்றிருந்தது. தள்ளினேன்.

கணப்பில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. முன்னால் சாக்கு விரித்து ஆறு கைக்குழந்தைகள் படுத்திருந்தன. ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி, கிழிந்த சேலைத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. பால் வாசனையும் ஈரத்துணி வாசனையும் புகையும். நடுவில் அந்த அம்மா, ஒரு குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். தாய்மார்கள் மழையில் காட்டுக்குள் வேலையில் இருந்தார்கள். சாக்கை மடித்துத் தலைக்குக் கொங்காடை போட்டுக்கொண்டு பெரியவர்கள் நனையலாம், பிள்ளைகள் நனைய முடியுமா?

என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. பிறகு மெல்லச் சமாளித்துக்கொண்டு, "உக்காருங்க கண்ணு" என்றார். சட்டியிலிருந்து வெல்லம் போட்ட கட்டங்காப்பியை ஊற்றிக் கொடுத்தார்.

"மின்னெல்லாம் மரத்துல தூளி கட்டிப்போட்டுப் போவோமுங்க. மழ வந்தா ஓடியாரதுக்குள்ள தூளியே தண்ணித்தொட்டி. இது எம் மவ புள்ள. ஆவணியில பொறந்தது." மடியிலிருந்ததைக் காட்டினார். பெண் குழந்தை. "பாத்தது பாத்ததோட இருக்கட்டும் கண்ணு. பேயி இருக்கறதாலதான் முதலாளி உள்ள வர்றதில்ல. தெரிஞ்சா ஊட்டப் பூட்டிப்போடுவாரு."

"யாருகிட்டயும் சொல்லமாட்டேனுங்க" என்றேன். காப்பி சூடாக இருந்தது. நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தேன்.

மாசியில் சேலத்து மாத இதழ் ஒன்றில் என் கட்டுரை வந்தது.

ஏன் எழுதினேன் என்பதற்கு எத்தனையோ காரணங்களை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதழாசிரியர் கேட்டார், மூடநம்பிக்கை ஒழிய வேண்டும், இப்படி எல்லாம். உண்மை இவ்வளவுதான்: அந்த அட்டவணை அவ்வளவு அழகாக வந்திருந்தது. யாரும் பார்க்காமல் நோட்டுக்குள் அது கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. கொடுத்த வாக்கையும் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். கட்டுரையில் அந்த அம்மா இல்லை, குழந்தைகள் இல்லை, நான் உள்ளே போன நாள் இல்லை. தேதிகளும் மழையும் புகையும் மட்டும்தான். கடைசி வரியாக, 'சேர்வராயன் திருவிழாவுக்கு விடுப்பு எடுக்கும் வெள்ளைக்காரப் பேயை உலகத்தில் வேறெங்கும் காண முடியாது' என்று எழுதியிருந்தேன். படித்தவர்கள் எல்லாரும் அந்த வரியைச் சொல்லிச் சிரித்தார்கள்.

எஸ்டேட் முதலாளியும் படித்தார். அந்த மாதமே மலையேறி, நேராகத் தபால் நிலையத்துக்கு வந்தார். கவுண்ட்டருக்கு மேலே கையை நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இத்தன வருசமா ஏமாத்திருக்காங்க பாருங்க. நம்ம ஊட்டுக்குள்ள நாமளே போகப் பயந்துட்டு இருந்திருக்கோம். நொம்ப நன்றிங்க."

ரகசியத்தை அறியாதவன்போல நான் சிரித்தேன். தன் தோட்டத்துக் காப்பியை அரைத்து இரண்டு கிலோ கொண்டுவந்திருந்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் குடித்தோம். நல்ல காப்பி.

கணப்பின் வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள் என்றும், பின்கதவுக்குக் கம்பி போட்டுப் புதுப்பூட்டு மாட்டியிருக்கிறார்கள் என்றும் பங்குனியில் கேள்விப்பட்டேன். சொல்லக் கூசுகிறது, ஆனால் சொல்லியாக வேண்டும்: மறுபடி மழை தொடங்கியபோது நான் நோட்டை எடுத்தேன். 'புகை இல்லை, புகை இல்லை' என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். என் கணிப்புச் சரி என்பதற்கு அத்தாட்சியாக.

ஆடியில் ஒரு காலை அந்த அம்மா கவுண்ட்டருக்கு வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் வாசலில் அவர் மகள், நெஞ்சோடு சேர்த்துத் துணியில் சுற்றிய குழந்தையுடன். குழந்தை மூச்சு விடும் சத்தம் எனக்கு அங்கே வரை கேட்டது.

"அடிவாரத்துக்கு பஸ் எத்தன மணிக்குங்க சார்?"

அவர் என்னைச் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ஒம்பது இருவதுக்குங்க. கொழந்தைக்கு என்னங்க?"

"நெஞ்சுல சளிங்க. கீழ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்."

ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. "நான் யார் பேரையும் எழுதலீங்க" என்றேன்.

"ஆமாங்க சார். பேரச் சொல்லல. தேதியத்தானுங்களே சொன்னீங்க."

அவருக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

குழந்தை பிழைத்தது. பதினைந்து நாளுக்கு மேல் கீழே இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள் என்று பஸ் கண்டக்டர் சொன்னார். மகள் அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. அந்த மாதம் மகனின் கடிதம் வந்தபோது, அந்த அம்மா அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, எதிரிலிருந்த மளிகைக் கடைக்குப் போனார். கடைக்காரர் படிக்க, அவர் தலையாட்டிக் கேட்பதைக் கவுண்ட்டர் கம்பிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அன்றிலிருந்து எல்லாக் கடிதமும் அந்தக் கடையில்தான்.

சேலம் போய் முதலாளியைப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகையாவது போட்டுக் கொடுங்கள் என்றேன். அவருக்கு நான் சொல்வதே விளங்கவில்லை.

"நீங்கதானுங்க கண்டுபிடிச்சுச் சொன்னீங்க?" என்றார். பிறகு, "பாக்கலாமுங்க" என்றார். அதற்குப் பிறகு நான் மாற்றலாகிக் கீழே வரும்வரை, மழை நாட்களில் சில்வர் ஓக் மரங்களில் தூளிகளையும், தூளிகளுக்கு மேலே கட்டிய பிளாஸ்டிக் தாள்களையும் சாலையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் பங்களாவை விருந்தினர் விடுதியாக்கினார்கள். கணப்பைத் திறந்துவிட்டார்கள், ஏனென்றால் கீழேயிருந்து வருகிறவர்களுக்கு நெருப்புப் பிடித்திருந்தது. பேயும் பிடித்திருந்தது. பழைய இதழைத் தேடி எடுத்து, வந்து வரலாறு சொல்லுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். மறுத்திருக்க வேண்டும். போனேன். என்னிடம் வரலாறு கேட்க ஆள் இருக்கிறது என்ற ஆசைதான்.

மழை பெய்த ஒரு மாலை, நாலு மணி இருக்கும். சென்னையிலிருந்து வந்த இரண்டு குடும்பத்தார் நாற்காலிகளில் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பங்களாவின் கல் எங்கிருந்து வந்தது, ஓடு எப்படி மலையேறியது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்கதவு வழியாக விறகுக் கட்டோடு ஒருவர் உள்ளே வந்து கணப்பின் முன்னால் குந்தினார். தலை நரைத்திருந்தது. அவர் திரும்பாமலே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தப் பேய் எதுக்கு சார் மழையில மட்டும் வருது?" என்று கேட்டார் ஓர் இளம் தாய்.

விறகை அடுக்கிக்கொண்டிருந்த அந்த அம்மா, நெருப்பைப் பார்த்தபடியே சொன்னார்:

"சாரையே கேளுங்க. தேதியோட சொல்லுவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. நெருப்புப் பற்றிக்கொண்டதும் அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். ஒரு சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு பின்கதவு வழியாக மழைக்குள் போனார். கதவுவரை பின்னாலேயே போனேன்.

ஆவணியில் பிறந்த அந்தப் பேத்திக்கு அன்றைக்கு எத்தனை வருடம், எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று எனக்குத் தெரியும். எப்படி இருக்கிறாள் என்று தெரியாது. அதைக் கேட்கத்தான் கதவுவரை போனேன். அவர் காப்பிச் செடிகளைத் தாண்டி இறங்கி மறையும்வரை நின்றேன். கேட்கவில்லை.