எலி நடந்த வீடியோ

என் அண்ணனைக் கெடுத்தது அரை நிமிட வீடியோ ஒன்று. அதை எடுத்தவளும் நான், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவளும் நான்.

முதுகுத்தண்டு நசுங்கிய எலிக்குள், ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த நரம்புச் செல்களை வைத்து, நரம்பு மறுபடி வளர்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பெங்களூரில் ஆய்வுக்கூடம். எட்டு வருடம் ஒன்றும் வளரவில்லை. பிறகு ஒருநாள் ஒரு எலி பின்னங்காலை ஊன்றி நாலு எட்டு வைத்தது. நான் அழுதேவிட்டேன். கண்ணைத் துடைத்த கையோடு வீடியோவை அனுப்பினேன்.

அதற்கு ஐந்து மாதம் முன்புதான் அண்ணன் புளியங்குடியில் எலுமிச்சை மூடை ஏற்றிய லாரியின் மேலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் சங்கரன்கோவில் வீட்டில் கிடந்தான். அதை மறந்துபோய் அனுப்பினேனா என்றால், இல்லை. அவன் பார்க்கட்டும் என்றுதான் அனுப்பினேன். தங்கச்சி பெரிய ஆள் என்று அவன் வாயால் கேட்க வேண்டும் எனக்கு.

அவனும் சொன்னான், ஊரும் சொன்னது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தெருக்காரர்கள் வைத்த ஃப்ளெக்ஸில் என் படத்தைப் போட்டு, 'முடங்கியவரை நடக்க வைக்கும் எங்கள் தெரு விஞ்ஞானி' என்று எழுதியிருந்தார்கள். எலியைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த ஃப்ளெக்ஸ் படம் குரூப்பில் வந்தபோது திருத்தாமல் ஒரு கும்பிடு மட்டும் போட்டேன்.

அதன்பின் அண்ணன், கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்க வந்தவரை வர வேண்டாம் என்றுவிட்டான். சக்கர நாற்காலியை மாடிப்படிக்கு அடியில் போடச் சொன்னான். மதினி கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அவன் முதுகில் பூசிவந்தாள். "அவ ஊசியோட வருவா, இதெல்லாம் எதுக்கு" என்று அதையும் நிறுத்தினான். போனில் அவன் கேட்கும்போதெல்லாம், "ஆராய்ச்சி நடந்துக்கிட்டுதான் இருக்குண்ணே" என்பேன். அது பொய் இல்லை. பொய்யைவிட வசதியானது.

மூன்று வருடத்தில் இரண்டு முறை எட்டிப் பார்த்ததோடு சரி. போன மாதம் போனபோது மதினி போர்வையை விலக்கிக் காட்டினாள். முழங்கால்கள் இரண்டும் மடங்கியபடியே இறுகிவிட்டிருந்தன. இடுப்புக்குப் பின்னால் படுக்கைப்புண், இரண்டு விரல் நுழையும் ஆழம். இனி எந்த மருந்து வந்தாலும் அந்தக் காலில் நிற்க முடியாது.

முதுகு நசுங்கிய எலிக்குத் தானாகச் சிறுநீர் பிரியாது. காலையும் மாலையும் கையில் எடுத்து, அடிவயிற்றை மெல்ல அழுத்திப் பிரிய வைக்க வேண்டும். தீபாவளியன்றும் செய்திருக்கிறேன். அண்ணனின் கட்டிலில் தொங்கும் சிறுநீர்ப் பையை ஒருநாளும் தொட்டதில்லை. எலிக்குப் புண் வந்தால் என் ஆராய்ச்சி கெட்டுப்போகும், அதனால் எலியைப் பார்த்துக்கொண்டேன்.

மதினி பையைக் காலிசெய்யப் பின்கட்டுக்குப் போனதும் அண்ணன் கேட்டான்.

"ஏட்டி, எனக்கு எப்பம் வைக்கப்போறீய?"

"அடிபட்டு ரெண்டு வாரத்துக்குள்ள வச்சாத்தான் எலிக்கே கேக்குது. உனக்கு முடியாதுண்ணே."

"இது உனக்கு எப்பம் தெரியும்?"

"வீடியோ அனுப்பும்போதே தெரியும்."



"அந்த எலி இப்பம் எங்கன இருக்கு?"

"மறுநாளே கொன்னுட்டோம். தண்டுவடத்த வெட்டிப் பாக்கணும்லா."

"நடந்த பொறவுமா கொன்னீய?"

"நடந்ததுனாலதாண்ணே."

அவன் சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றான். கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்தான். தோள் திரும்பியது, மடங்கிய கால்கள் கூட வரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் படுப்பதற்குக்கூட யாராவது பிடித்துத் திருப்ப வேண்டும். நான் எழுந்து இடுப்பில் கை கொடுத்தேன்.

"நீ தொடாத. அவ வரட்டும்."

மதினி கை கழுவிவிட்டு வரும்வரை கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தான்.