சாயம் ஊற்றத் தெரிந்தவர்

'அமிர்தவல்லி: தாவரச் சாய நிபுணர், பரம்பரையாக இக்கலையில் தேர்ந்தவர்.' கொடைக்கானலில் ஒரு பெண்கள் கைவினை நிலையத்தின் 1976ஆம் ஆண்டறிக்கை இப்படிச் சொல்கிறது. பெயரில் பிழையில்லை.

அமிர்தவல்லி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, பக்கத்துக் கவுஞ்சி கிராமத்தில் அடுத்தவர் காட்டில் மழையோடு மழையாக உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவள். கூரைக்குக் கீழே ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று நிலையத்தின் செயலாளர் கித்தேரியம்மாள் முன்னால் போய் நின்றாள். என்ன தெரியும் என்று கேட்டதற்கு, "சாயம் நல்லா ஊத்துவேங்க" என்றாள்.

கித்தேரியம்மாள் மாதக்கணக்காகச் சாயக்காரி தேடிக்கொண்டிருந்தவர். ஆகவே தீர விசாரித்தார். எதிலிருந்து எடுப்பது? இலையிலிருந்து. எப்படி? கொதிக்கவைத்து. நிறம்? சிவப்பு, விட்டுவைத்தால் கறுத்துவிடும். யார் கற்றுக்கொடுத்தது? தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லையாம். உண்மையான நிபுணர்கூட இத்தனை பொருத்தமாகப் பதில் சொல்லியிருக்க மாட்டார்.

மறுநாள் வெள்ளைத் துணியும் பெரிய அண்டாவும் காத்திருந்தன. அமிர்தவல்லி துணியை மடித்து ஓரமாக வைத்தாள். கையோடு கொண்டுவந்த தேயிலையை அண்டாவில் கொதிக்கவிட்டு, தைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தாள்.

"ஏம்மா, சாயம் எங்க?" என்று வந்து கேட்டார் கித்தேரியம்மாள்.

"இந்தா, உங்களுக்கு எடுத்து வச்சிருக்கேங்க. சீனி போடட்டுங்களா?"

தோட்டத்தில் பால் விடாத தேநீருக்குச் சாயம் என்று பெயர். கித்தேரியம்மாளோ படித்தவர். சாயவேர் என்று ஒரு வேர் உண்டு, துணிக்குச் சிவப்பேற்றும், அதிலிருந்துதான் சாயம் என்ற சொல்லே வந்தது, தேயிலைக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்திகூட இல்லை என்று விளக்கினார். எனக்கென்னவோ வேர்தான் சாயத்திடம் பெயர் வாங்கியதாகத் தோன்றுகிறது. தேநீரைக் குறிக்கும் மலையாளத்துச் சாயா சீனத்திலிருந்து வந்தது. அதற்கும் இதற்கும் ஒலியில்தான் ஒட்டு. தோட்டத்து மக்கள் அகராதி பார்க்கவில்லை, டம்ளருக்குள் நிறத்தைப் பார்த்தார்கள்.

கித்தேரியம்மாளின் விளக்கத்தில் கையும் சேர்ந்துகொண்டதால் டம்ளர் சரிந்து வெள்ளைத் துணியில் கொட்டியது.

"அப்ப நான் கவுஞ்சி பஸ்ஸுக்குக் கெளம்பணுங்களா?" என்றாள் அமிர்தவல்லி.

கித்தேரியம்மாள் துணியைத் தேய்த்தார். நிபுணர் கிடைத்துவிட்டார் என்று முதல்நாளே மதுரைத் தலைமையகத்துக்குத் தந்தி கொடுத்திருந்தார். சோப்புப் போட்டார், கறை போகவில்லை. இளம்பழுப்பு, பார்க்க மோசமுமில்லை.

"ஒஞ் சாயந்தான் வெளுத்துப்போச்சு. இது வெளுக்கல," என்றார். "இங்கயே இரு."

சீசனுக்கு வந்தவர்கள் பழுப்பு மேசைத்துணிகளை விரும்பி வாங்கினார்கள். அண்டாவில் மிஞ்சியதில் அவற்றை முக்கி எடுத்தது கித்தேரியம்மாள். நிபுணர் பட்டம் ஆண்டுதோறும் அப்படியே அச்சானது. 1987 வரை அந்த நிலையத்தில் அமிர்தவல்லி தேநீர் போட்டாள்.