ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

என் மாமியார் ரோஸிக்கு அறுபத்தெட்டு வயது. தாராவியில் ஒரு தையல் பட்டறைக்குள் முப்பது வருஷம் உட்கார்ந்து சட்டைகளுக்கு நூல் வெட்டியவர். வாய் நீளம். பட்டறை முதலாளியையே எதிர்த்துப் பேசுவார். இப்போது எங்கள் வீட்டு இரும்பு ஏணிக்குப் பயப்படுகிறார்.

கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் செங்குத்தாக அந்த ஏணி. அத்தை படுத்தது மேலே, கக்கூஸ் இருப்பது சந்து முனையில். போன மழைக்காலத்தில் கடைசிப் படியில் வழுக்கிக் கையை ஊன்றினார். அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்தது. டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, எலும்பு உளுத்துப் போயிருக்கிறது, இன்னொரு முறை விழுந்தால் இடுப்பெலும்பே முறியலாம் என்றார். வெயிலில் நிற்கச் சொன்னார். எங்கள் சந்தில் வெயிலுக்கு எங்கே போக? வாரத்துக்கு ஒரு மாத்திரையும் எழுதினார். வெறும் வயிற்றில், டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரைமணி நேரம் படுக்கக் கூடாது.

இடுப்பு என்றதும் அத்தை முகம் செத்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கோமதியம்மாள் இடுப்பு முறிந்து, ஐந்து மாதம் படுக்கையில் கிடந்து, புண் வைத்துத்தான் போனார். இருவரும் போய்ப் பார்த்திருக்கிறோம். அதன்பின் அத்தை ஒவ்வொரு படிக்கும் "ஏசுவே" என்று சொல்லி இறங்குவார். நான் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

கிழமை மறக்கக்கூடாதென்று ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுத்தது நான்தான். பெரிய புத்திசாலி! ஞாயிறு காலை சர்ச்சில் பூசை. நற்கருணை வாங்கும்வரை அத்தை பச்சைத்தண்ணீர்கூடத் தொடமாட்டார். தண்ணீர் குடிக்கலாம் என்று சாமியாரே சொல்லியும் கேட்காத ஆள். இது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்துப் போனபோது, மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறார் என்று டாக்டரம்மா ஹிந்தியில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"துப்பலக் கூட்டி முழுங்குவேன். பூசைக்கு முன்னால தண்ணி குடிக்கலாமாட்டி? நெஞ்சு தீயா எரிஞ்சுது. அதான் ரெண்டு மாசமா நிறுத்திட்டேன்."

"ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஏசுவ."

ஏசத்தான் செய்திருப்பேன். டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். மாத்திரை தொண்டைக்குக் கீழே ஒட்டிப் புண்ணாக்கியிருக்குமாம். இனி அது வேண்டாம், ரத்தத்தைச் சோதித்துவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்து போடலாம், அதுவரை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதுவரை என்றால் இரண்டு வாரம்.

வீட்டுக்கு வந்ததும் நானும் என் கணவர் ரிஜோவும் எங்கள் பாயை மேலே ஏற்றிவிட்டு, அத்தை படுக்கையைக் கீழே கொண்டுவந்தோம். அத்தை அதில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார்.

"ஏட்டி சுஜா, எனக்குச் சாவுக்குப் பயமில்ல. கோமதி மாதிரி சாகாமக் கிடந்துருவேனோன்னுதான் பயமா இருக்கு."

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது அத்தை" என்றேன்.

எனக்கும் அதே பயம்தான். அத்தைக்காகப் பயந்தேன் என்று சொல்ல ஆசை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தப் படுக்கையைத் தினமும் கழுவப்போகிற எனக்காகத்தான் முதலில் பயந்தேன்.