அவசரம், திறந்து பார்

காலை பத்தரை மணி. பள்ளிமுனையில் என் போட்டோக்கொப்பிக் கடையில், மெஷினுக்குள் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தேன். போனில் மச்சானின் செய்தி விழுந்தது.

"அவசரம். திறந்து பார்."

கீழே நீல எழுத்தில் ஓர் இணைப்பு.

மச்சான் என் தங்கையின் கணவன். அன்று விடியமுன் தனியாகக் கடலுக்குப் போயிருந்தான். செய்தியைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஏன் என்று விளங்க, ஆடுற பிள்ளையின் வரலாறு தெரிய வேண்டும்.

அது ஒரு கணினிப் பொம்மை. அரையில் நப்பித் துணி மட்டும் கட்டிய குழந்தை, இடுப்பை வெட்டி வெட்டி ஆடும். எங்கோ அமெரிக்காவில், உருவங்களை அசைக்கும் மென்பொருள் ஒன்றுக்கு மாதிரியாகச் செய்தார்களாம். யாரோ அதை மின்னஞ்சலில் அனுப்ப, வாங்கியவர் இன்னொருவருக்கு அனுப்ப, உலகம் முழுக்க ஆடிவிட்டது. இன்றைக்கு மீம் மீம் என்கிறோமே, அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று.

மன்னாருக்கு அது ஆறுதலாக, பல வருடம் பிந்தித்தான் வந்தது. போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் நகரத்தில் திறந்த இன்டர்நெட் கடையில் முதன்முதலாகப் பார்த்தேன். லைன் மெதுவென்பதால் முதலில் தலை மட்டும் திரையில் இறங்கியது. பிறகு வயிறு. கால் வருமுன் என் அரை மணி நேரம் முடிந்துவிட்டது. காலைப் பார்க்க அடுத்த நாளும் போனேன்.

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. எனக்கும் பிள்ளைக்கும் நல்ல காலம். "கரண்ட் வெட்டு அட்டவணை" என்று எழுதி, ஊராருக்கெல்லாம் பிள்ளையின் இணைப்பை அனுப்புவேன்; திறந்தால் அது ஆடும். தலைப்பில் மட்டும் மாற்றமில்லை: "அவசரம். திறந்து பார்." மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்த நாட்களில், "சங்கத்தில எண்ணெய் குடுக்கினம்" என்று அனுப்பினேன். மச்சான் வெறும் எண்ணெய்க் கானோடு ஓடிப்போய், அங்கே நின்று இணைப்பைத் திறந்திருக்கிறான்.

"உனக்கு ஒரு நாள் இருக்கு மச்சான்" என்றான்.

அந்த நாள் இதுதான் என்று நினைத்தேன். திறக்கவில்லை. "எனக்கேவா? இந்தா ஒரிஜினல்" என்று எழுதி, பிள்ளையையே திருப்பி அனுப்பிவிட்டுப் பிளேன்டீ குடித்தேன்.

பன்னிரண்டு மணிக்குத் தங்கை எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணா, இவர் இன்னும் வரேல்லை. மற்ற வள்ளமெல்லாம் வந்திட்டுது. போனும் வேலை செய்யேல்லை. உங்களோட கதைச்சவரோ?"

"இல்லை" என்றேன். வாய் அப்படிச் சொல்லும்போதே விரல் அந்த நீல எழுத்தை அமத்தியது.

பிள்ளை இல்லை; ஒரு வரைபடம் மெல்ல மெல்ல இறங்கியது. முதலில் நீலம். பிறகும் நீலம். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, மச்சான் நின்ற இடம். கரை எங்கே, கரை எங்கே என்று பெருவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தூரத்து மூலையில் இலுப்பைக்கடவை என்ற கரையோர ஊரின் பெயர் எட்டிப் பார்த்தது. தெற்கேயிருந்து அடித்த சோளகக் காற்று கரையைவிட்டு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. எஞ்சின் நின்றிருந்தால், வள்ளம் ஒன்றரை மணித்தியாலத்தில் எங்கே போயிருக்கும்?

கடையைப் பூட்டாமல் ஓடினேன். கரையில் சம்மாட்டி, மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன்.

"ஐயா, அவசரம். இதைப் பாருங்கோ."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "போடா. உன்ர ஆடுற பிள்ளையை வேற ஆருக்காவது கொண்டுபோய்க் காட்டு."

"ஐயா, கர்த்தர் சத்தியமா…"

"போனமுறையும் கர்த்தரைத்தான் இழுத்தனி."

உண்மைதான், இழுத்தேன். என்னிடம் வேறு சாட்சி இல்லை. அழுகை வரும்போலிருந்தது; நான் அழுதால் அதற்கும் அவர் கைதட்டியிருப்பார். முழங்கால் வரை தண்ணீரில் இறங்கினேன். நீந்தத் தெரியாது. என்ன திட்டம் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அப்போதுதான் அவர் நிமிர்ந்தார்.

"பல்லைக் காட்டாமல் நிக்கிறான். டேய், வள்ளத்தைத் தள்ளுங்கடா! நீ வராத, போனை மட்டும் தா."

நான்கு மணித்தியாலங்கள். போனும் கையில் இல்லை. கரைக்கு ஓடிவந்த தங்கை பக்கத்தில் செபமாலை உருட்டினாள். "அவர் உங்களுக்கு ஒண்டும் அனுப்பேல்லையோ அண்ணா?" என்று இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் எனக்கு இருமல் வந்தது.

நாலரைக்கு ஒரு வள்ளம் தெரிந்தது. பின்னால் கயிற்றில் இன்னொன்று. அதற்குள் ஓர் ஆள் இருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். புள்ளியிலிருந்து காற்றுப் போன பக்கமாகத் தேடிப் பிடித்தார்களாம்.

மச்சான் இறங்கினான். உதடு வெடித்திருந்தது. தங்கையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"ரெண்டு வீதம் சார்ஜ் இருந்தது மச்சான். நீ பதில் போட்டாய். வள்ளம் வருதாக்கும் எண்டு திறந்தனான்." உதட்டைத் துடைத்தான். "ஆடிச்சுது. ஆடி முடியமுன்னம் போன் செத்துப்போச்சு."

தங்கை என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

இப்போது அவன் கடலுக்குப் போகும் நாளெல்லாம், ஒன்பது மணிக்கு எனக்குச் செய்தி வரும். "அவசரம். திறந்து பார்." கொப்பிக்கு ஆட்கள் வரிசையில் நின்றாலும், உடனே திறக்கிறேன். இதுவரை ஒவ்வொரு முறையும் பிள்ளைதான். தலை, வயிறு, கால் என்று கடைசிவரை பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.