குல்பாஷ் அக்காவின் கண்

சிம்கென்ட் மருந்துத் தொழிற்சாலையில் நிறம் பார்க்கக் குல்பாஷ் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. சில மருந்துகளின் அளவு தண்ணீரில் கரைத்தால் பிடிபடாது. அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, ஊதாச் சாயம் ஒரு சொட்டு விட்டு, வேறொரு வலுவான அமிலத்தை மேலிருந்து சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். ஊதா நீலமாகி, நீலம் பச்சையைத் தொடும் அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். இருபத்திரண்டு வருடம் அக்கா சரியாக நிறுத்தினார். போன வருடம்தான் நான் அவருக்கு மேலதிகாரியாக வந்தேன். பட்டம் இருந்தது, வாய் அதைவிட நீளம்.

ஜனவரியில் சூடேற்றும் குழாய் வெடித்து ஆய்வகம் குளிர்ந்துபோனது. அசிட்டிக் அமிலம் புட்டிக்குள்ளேயே உறைந்து கல்லாகிவிட்டது. அவசரத்தில் நான் அதை வெந்நீர் வாளிக்குள் அமுக்கினேன். மூடி தளர்ந்திருந்ததைப் பார்க்கவில்லை.

அன்று அக்காவின் குடுவையில் நிறம் சட்டென்று மாறாமல் இழுத்துக்கொண்டே போனது. மூன்று முறை செய்தார். மூன்று விடை வந்தது.

"தங்கச்சி, அமிலத்துல தண்ணி கலந்திருக்கு. இல்லேன்னா இப்படி இழுக்காது."

"அமிலத்தைக் குறை சொல்லாதீங்கக்கா. வயசானா நீலமும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரிக்கப் பார்த்தார்.

எல்லோரும் போனபின் அமிலத்தைச் சோதித்தேன். தண்ணீர் இருந்தது. என் வாளித் தண்ணீர். புட்டியைக் கழிவுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் இயக்குநரிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். மானம் போகுமே என்று, 'அவருக்குப் பார்வை சரியில்லை' என்று எழுதியும் கொடுத்தேன். இப்படியும் ஒரு பிறவி நான்! அக்காவைக் குடுவை கழுவும் அறைக்கு மாற்றினார்கள். சண்டைக்கு வருவார் என்று பயந்து ஒதுங்கித் திரிந்தேன். அவர் வரவே இல்லை.

மார்ச்சில் ஒருநாள் வேலை முடிந்து சாலையைக் கடக்க நின்றேன். பக்கத்தில் வந்து நின்றவர் என் கையைப் பிடித்தார். அக்கா.

"பச்சை விழுந்துடுச்சா தங்கச்சி? என் கண்ணை நானே நம்புறதில்ல இப்பல்லாம். நல்லவேளை, நீ அன்னிக்கே சொன்னே. இல்லேன்னா எத்தனை பேரோட மருந்தைக் கெடுத்திருப்பேனோ."

எதிரே விளக்கு பச்சைப் பசேலென்று எரிந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்.

"விழுந்துடுச்சுக்கா, வாங்க" என்றேன்.